டீக்கு எழுந்திருக்காத மூன்று பேர்

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். லிஸ்ட் போடாமல் எனக்கு எதையும் யோசிக்க வராது என்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும்.

1. ஐப்பசி மாதம், ஞாயிற்றுக்கிழமை. ஆலங்குடிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். காலை முகூர்த்தமும் பந்தியும் முடிந்த பிறகு, மதியம் ஒன்றரைக்கு, மேடை கார்ப்பெட்டைக் கழுவ நானும் ரெங்கராஜ் மாமாவும் போய்ச் சேர்ந்தோம்.

2. வண்டியை வாசல் போர்ட்டிகோவில் நிறுத்தி, அதில் இருக்கும் கழுவும் மெஷினின் இஞ்சினை ஸ்டார்ட் செய்தோம்.

3. மறுநாள் கல்யாணத்துப் பெண் வீட்டார் மூன்று மணிக்கே வருவதாகப் போன் வந்தது. நாலரைக்கு ராகுகாலம். அதற்குள் மண்டபத்தில் கால் வைத்தாக வேண்டும்.

4. "ஆரத்தி எடுக்குற எடத்துல வண்டி நிக்கலாமா?" என்றார் மேனேஜர். வண்டியைப் பின்னால் சமையல்கட்டை ஒட்டிய ஷெட்டுக்குள் கொண்டுபோனோம்.

5. மழை பிடித்தது. ஷெட்டின் வெளி ஷட்டரை இறக்கினார்கள். இஞ்சின் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

6. மண்டபத்துக்குள் பெட்ரோல் வாடை வந்தது. சாம்பிராணி போட்டார்கள். வாடை போய்விட்டது.

7. மூன்றேகாலுக்கு டீ வந்தது. பாத்திரம் கழுவும் மூன்று பெண்கள் எழுந்திருக்கவில்லை.

இந்த ஏழில் நாலு, ஐந்து, ஆறு மூன்றும் நடக்கும்போது நான் பக்கத்திலேயே நின்றேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

புதிதாகப் படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். நான் எலக்ட்ரிக்கல் இஞ்சினியரிங் படித்தவள். ரெங்கராஜ் மாமா என் அம்மாவின் தம்பி. பத்து வருஷம் வளைகுடாவில் க்ளீனிங் கம்பெனியில் இருந்தவர். அவர் திரும்பி வந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து இந்தத் தொழிலைத் தொடங்கினோம். குட்டியானை வண்டியின் பின்னால் மெஷினைப் பொருத்தி, நூறடி ஹோஸை மண்டபத்துக்குள் இழுத்துப்போய், சூடான தண்ணீரைக் கார்ப்பெட்டில் பீய்ச்சி, அழுக்கோடு திரும்ப உறிஞ்சி எடுப்போம். கீரமங்கலத்துப் பூ மாலைகள் மிதிபட்டு மேடையில் விடும் கறை இருக்கிறதே… அதன் மேல் பாயசமும் குங்குமமும் சேர்ந்துவிட்டால் துடைப்பத்தால் ஒன்றும் ஆகாது.

இந்த மெஷின் இரண்டு வகை. ஒன்று கரண்டில் ஓடுவது — மண்டபத்து ப்ளக்கிலிருந்து வயர் இழுக்க வேண்டும். சத்தம் குறைவு, புகை கிடையாது, உறிஞ்சும் வேகமும் கொஞ்சம் குறைவு. இன்னொன்று, தன் இஞ்சினைத் தானே சுமந்து வருவது. யாரிடமும் ப்ளக் கேட்க வேண்டாம். இஞ்சின் சூட்டிலேயே தண்ணீர் கொதிக்கும். உறிஞ்சுகிற வேகத்தில் கார்ப்பெட் மேடையை விட்டு எழுந்து நிற்கும்.

எலக்ட்ரிக்கல் படித்தவள், கரண்ட் மெஷினைத்தான் வாங்குவாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். நான்தான் வேண்டாம் என்றேன்.

ஏன்? நம் ஊர் மண்டபங்களில் ப்ளக் பாயின்ட்டைப் பார்த்திருக்கிறீர்களா? ப்ளக்கே இல்லாமல் இரண்டு வயரை ஓட்டைக்குள் விட்டு, கழன்று விழாமல் இருக்கத் தீக்குச்சியைச் செருகியிருப்பார்கள். அதிலிருந்து ஒரு ஒட்டுப்போட்ட வயர், ஈரத் தரை மேல் ஓடும். மணமேடையில் செருப்புப் போடக் கூடாது… ஆக, ஈரக் கார்ப்பெட்டில் வெறுங்காலோடு, கையில் இரும்புக் குழாயோடு நிற்கப்போவது நான். நினைத்தாலே உள்ளங்கால் சில்லிட்டது.

மாமாவும் அதையே சொன்னார். "கரண்டு மெஷினுன்னா அவன் வீட்டு வயரை நம்பணும். இஞ்சினுன்னா நம்ம வண்டியை நம்புனாப் போதும் ஆத்தா."

கரண்ட் மெஷினுக்கு எதிராக நான் எழுதிய லிஸ்ட்டில் பதினோரு காரணங்கள். இஞ்சினுக்கு எதிராக இரண்டு. ஒன்று சத்தம். இரண்டு பெட்ரோல் செலவு.

புகை அந்த லிஸ்ட்டில் இல்லை.

எப்படி விட்டுப்போயிற்று என்று இப்போது தினமும் யோசிக்கிறேன். நம் ஊர்ப் பக்கத்தில் இஞ்சின் என்பது வீட்டு மாடு மாதிரி. தோட்டத்தில் பம்புசெட், களத்தில் கதிரடிக்கும் மெஷின், திருவிழாவில் ஜெனரேட்டர். பிறந்ததிலிருந்து பக்கத்தில் ஓடுகிற ஒன்றுக்கு யார் பயப்படுவார்கள்? ஆனால் அதெல்லாம் வெட்டவெளியில் ஓடுபவை. மாமா வளைகுடாவில் பார்த்ததும் அப்படித்தான். "அங்கிட்டு வண்டி ரோட்டுலதான் நிக்கும், ஹோஸ் மட்டுந்தான் வீட்டுக்குள்ள போகும். வண்டியை உள்ள கொண்டு போகச் சொல்ல அங்க ஆரத்தித் தட்டு ஏது?" என்று பிறகு சொன்னார். பிறகுதான் சொன்னார்.

பரிமளா அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த மண்டபத்தில் பாத்திரம் கழுவும் பெண்களுக்கு அவர்தான் தலைவி. வாடகைப் பாத்திரங்களைக் கழுவி, எண்ணி, திருப்பி ஏற்றிவிடுவது வரை அவர் பொறுப்பு. அவர் எதையும் தாளில் எழுதி நான் பார்த்ததே இல்லை. என் கையில் லிஸ்ட் அட்டையைப் பார்த்தால் அவருக்குக் கொண்டாட்டம்.

"ஏ இஞ்சினியரு, குளிக்கிறதுக்கும் லிஸ்ட்டு வச்சிருக்கியா? மொதல்ல கை, அப்பறம் காலுன்னு?"

"நீங்க எப்படிக்கா ஞாபகம் வச்சிருக்கீங்க?"

"நூத்தி எம்பது சாமான். அண்டா, குண்டா, கரண்டி, ஜல்லடை அம்புட்டும் இந்தா, இங்கன இருக்கு" என்று ஈரக் கையால் நெற்றியைத் தட்டிக் காட்டுவார்.

அன்றைக்கு வேலையை முடித்துவிட்டு அவரும் கூட வேலை பார்க்கும் இரண்டு பெண்களும் காய்கறி நறுக்கும் அறையில் போய்ப் படுத்தார்கள். ஷெட்டிலிருந்து மண்டபத்துக்குப் போகும் நடையில், முதல் அறை அது. வெளி ஷட்டர் மூடியிருந்தது. உள்கதவு மட்டும் திறந்திருந்தது. எங்கள் ஹோஸ் அதன் வழியாகத்தானே போக வேண்டும்?

ஷட்டரை இறக்கிய அரை மணி நேரத்தில் பரிமளா அக்கா தலையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

"மண்டையப் பொளக்குது. வயித்தையும் பெரட்டுது."

"காலையிலேருந்து வெறும் வயித்துல நின்னா பெரட்டாம என்ன செய்யும்?" என்றார் மேனேஜர். சாம்பிராணித் தட்டை வீசிக்கொண்டே சொன்னார்.

பரிமளா அக்காவோடு பாத்திரம் கழுவும் சரசு வேறு முடிவுக்கு வந்திருந்தாள். "காலைக் கூட்டத்துல எவ கண்ணு பட்டுச்சோ. நில்லுக்கா." உப்பும் மிளகாயும் எடுத்து மூன்று சுற்றுச் சுற்றி அடுப்புத் தணலில் போட்டாள். போட்டுவிட்டு முகர்ந்து பார்த்தாள். "பாத்தியா? நெடியே வரல. அம்புட்டுக் கண்ணு!"

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். எனக்கும் அப்போது தலை வலித்துக்கொண்டிருந்தது. மழைக்காலத் தலைவலி என்று நினைத்திருந்தேன். பரிமளா அக்காவிடம் அக்கறையாக ஒன்று சொன்னேன்.

"கொஞ்சம் தூங்கி எந்திரிங்கக்கா. சரியாயிரும்."

அவரும் சரசுவும் அதே அறைக்குத் திரும்பிப் போய்ப் படுத்தார்கள். அந்த வாக்கியத்தை எத்தனை முறை திரும்பக் கேட்டுவிட்டேன் என்று எண்ணவில்லை. எண்ணப் பயமாக இருக்கிறது.

மூன்று மணிக்குப் பெண் வீட்டார் வந்தார்கள். முன்வாசலில் மேளம், ஆரத்தி, குலவை. மூன்றேகாலுக்கு டீ கேன் வந்தது. அரை மணிக்கு ஒருமுறை மெஷினின் சூட்டையும் அழுக்குத் தண்ணீர்த் தொட்டியையும் பார்க்க வேண்டும் என்பது என் லிஸ்ட். மாமாவை மேடையில் விட்டுவிட்டுப் பின்னால் நடந்தேன். போகிற வழியில் அறைக்குள் எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தேன்.

"அக்கா, டீ."

பதில் இல்லை.

"பரிமளாக்கா… இஞ்சி டீ."

டீக்கு எழுந்திருக்காத பாத்திரம் கழுவும் பெண்ணை நான் பார்த்ததே இல்லை. உங்களுக்கும் தெரியும் — அவர்களுக்கு ஒரு நாளில் கிடைக்கிற ஒரே சூடான விஷயம் அதுதான். இங்கே மூன்று பேர் படுத்திருக்கிறார்கள். ஒருத்திகூடப் புரண்டு படுக்கவில்லை.

தோளைத் தொட்டு அசைத்தேன். கை தானாகச் சரிந்து தரையில் விழுந்தது. முகம் வெளுக்கவில்லை. சிவந்திருந்தது. குனிந்தவளுக்கு நிமிர முடியவில்லை. அந்த நொடியில்தான் பிளஸ் ஒன் கெமிஸ்ட்ரிப் பாடம் வந்து நின்றது. கார்பன் மோனாக்சைடு — நிறமற்றது, மணமற்றது. எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் நான்.

புகையின் வாடையைத்தான் சாம்பிராணி மறைத்தது. கொல்லுகிற வாயுவுக்கு மறைக்க வாடையே கிடையாது.

மூச்சை அடக்கிக்கொண்டு ஷெட்டுக்குள் ஓடி இஞ்சினை அணைத்தேன். ஷட்டரைத் தூக்கினேன், இடுப்பு உயரத்துக்கு மேல் ஏறவில்லை. "மாமா! மெஷினை விடுங்க! ஆளைத் தூக்குங்க!" என்று கத்தினேன்.

முதலில் ஓடிவந்தது மேனேஜர். "ஏம்மா, முன்னாடி நல்ல காரியம் நடக்குது, இப்பிடியா சத்தம் போடுறது…" அறைக்குள் பார்த்தார். குனிந்து, தூக்குவதற்குச் சரசுவின் காலைப் பிடித்தார்.

ஒவ்வொருவராக இழுத்து மழைக்குள் கிடத்தினோம். வேறு எங்கே கிடத்துவது? காற்று அங்கேதான் இருந்தது. மூன்றாவது பெண் முதலில் வாந்தி எடுத்தாள். சரசு கண்ணைத் திறந்து அழுதாள். பரிமளா அக்கா மட்டும் திறக்கவில்லை. மூச்சு இருந்தது. முகத்தில் மழை விழுந்துகொண்டே இருந்தது. முன்வாசலில் குலவை கேட்டது.

ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் ஒரே கேள்விதான் கேட்டார். "மூடுன எடத்துல இஞ்சின் எவ்வளவு நேரம் ஓடுச்சு?"

"ஒரு மணி ஐந்து நிமிஷம்." எனக்கு நிமிஷக் கணக்கு தெரியும். எழுதி வைத்திருந்தேன். அவ்வளவு துல்லியமாக எழுதத் தெரிந்தவளுக்கு, ஒரு கதவைத் திறக்கத் தெரியவில்லை.

"இன்னும் கால் மணி போயிருந்தா நான் உங்ககிட்ட வேற மாதிரி பேசியிருப்பேன்" என்றார். மூன்று பேருக்கும் ஆக்ஸிஜன் வைத்தார்கள். இரண்டு பேர் மறுநாள் எழுந்து உட்கார்ந்தார்கள். பரிமளா அக்கா கண் திறக்க இரண்டு நாள் ஆயிற்று.

அதற்குப் பிறகு என் கண் மாறிவிட்டது. மழைக்குப் பயந்து ஜெனரேட்டரைப் படுதாவால் சுற்றி மூடியிருப்பதைப் பார்த்தால் நின்றுவிடுகிறேன். மூடிய ஷெட்டுக்குள் காரை ஓடவிட்டு, ஏசி போட்டுப் பிள்ளையைத் தூங்க வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். போய்க் கதவைத் தட்டுகிறேன். பைத்தியம் என்று நினைக்கிறார்கள். நினைக்கட்டும். உங்கள் வீட்டில் இஞ்சின் எங்கே ஓடுகிறது? அதன் பக்கத்து அறையில் யார் படுக்கிறார்கள்? இந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

தெரிந்த ஆபத்துக்குப் பதினோரு காரணம் எழுதுகிறோம். தெரியாத ஆபத்தை ஷெட்டுக்குள் நிறுத்தி ஷட்டரையும் இறக்கிவிடுகிறோம்.

ஆஸ்பத்திரியிலேயே பரிமளா அக்காவிடம் சொன்னேன். "கண்ணும் இல்ல, திருஷ்டியும் இல்லக்கா. எங்க வண்டிப் பொகை. நான்தான் கவனிக்கல."

"நீதான தூக்கிக்கிட்டு வந்தியாம். விடு" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் அன்றிரவு தூங்கியிருப்பேன்.

இப்போது கரண்ட் மெஷின் ஒன்றை ட்ரையலுக்கு வாங்கியிருக்கிறோம். மாமாவுக்குச் சம்மதம் இல்லை. "பொகைக்குப் பயந்து கரண்டுல போயி விழுகுறதா?" என்கிறார். அவர் சொல்வதும் பொய்யில்லை. கொண்டுபோன முதல் மண்டபத்தில் டெஸ்டரை வைத்தேன். எர்த்தே இல்லை. தீக்குச்சி இருந்தது. மெஷினை இறக்காமல் திரும்பிவிட்டோம். எது நல்ல மெஷின் என்று வாசகர்கள் சிலர் போனில் கேட்டீர்கள். எனக்குத் தெரியாது. இரண்டிலும் சாவு இருக்கிறது. ஒன்று வயர் வழியாக வரும், இன்னொன்று கதவு வழியாக வரும். மெஷினை எங்கே நிறுத்துகிறோம் என்று முதலில் பார்க்கிறேன். அது ஒன்றுதான் என் கையில் இருக்கிறது.

இன்றைய நிலவரம் இது. இஞ்சின் மெஷினை வெட்டவெளியில் மட்டும் ஓட்டுகிறோம். கதவு ஜன்னலிலிருந்து இருபது அடி தள்ளி, புகைக்குழாய் வெளிப்பக்கம் பார்க்க. ஆரத்தி எடுக்க வழி வேண்டுமென்றால் வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறோம். வாயுவைக் கண்டுபிடித்து அலறும் சின்னக் கருவி ஒன்று வண்டியின் முன்கண்ணாடியில், எலுமிச்சை மிளகாய்க்குப் பக்கத்தில் தொங்குகிறது. வேலை தொடங்கும்போது கழற்றி உள்ளே, ஆள் படுக்கும் அறையில் மாட்டுகிறேன். கருவியை மாமா வாங்கினார். எலுமிச்சையையும் அவர்தான் மாற்றுகிறார்.

பரிமளா அக்கா வேலைக்குத் திரும்பிவிட்டார். போன ஞாயிற்றுக்கிழமை பாத்திரம் எண்ணிக்கொண்டிருந்தவர் பாதியில் நின்றார். முதலிலிருந்து எண்ணினார். மறுபடி நின்றார். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தார்.

"இஞ்சினியரு… நீ எழுதுவல்ல, அது மாதிரி எனக்கும் ஒண்ணு எழுதிக் குடு."

ஞாபகம் திரும்பலாம், கொஞ்ச நாள் ஆகலாம் என்கிறார் டாக்டர். எழுதிக் கொடுத்தேன். நூற்று எண்பது சாமான், இரண்டு பக்கம். பரிமளா அக்கா இப்போது அதைப் பார்த்துத்தான் எண்ணுகிறார்.