மாகிரட் வீட்டில் பதினெட்டு நாள்

2023 பெப்ரவரி ஆறாந் திகதி, ஆங்கிலம் கற்பிக்க அயர்லாந்திலிருந்து தொண்டராக வந்த நோரா, சாம்பல்தீவில் மாகிரட் வீட்டில் தங்கினாள். மூன்று நேரமும் மாகிரட் அவளைத் தனியே மேசையில் இருத்தி, பாரை மீனின் நடுத்துண்டைப் போட்டு, பக்கத்தில் நின்று பரிமாறினார். அவள் எழும்பிய பிறகே வீட்டார் குசினியில் அடுப்பருகே இருந்து சாப்பிட்டார்கள். கூட இருக்கும்படி அவள் சைகை காட்டினால், "பிறகு, பிறகு" என்பார்.

பதினெட்டாம் நாள் நோரா பெட்டியைக் கட்டினாள். அன்றுதான் கொழும்பிலிருந்து வந்திருந்த மாகிரட்டின் மகள் றொஷானி அவளிடம் காரணத்தைக் கேட்டுச் சொன்னாள்.

"தன்னோட இருந்து சாப்பிட எங்களுக்கு அருவருப்பாம், அம்மா. வேற வீடு பாத்திட்டாவாம்."

"அருவருப்போ? நல்ல துண்டெல்லாம் அவவுக்குத்தானேடி போட்டனான்!"

விருந்தாளிக்கு முதலில் தனியே பரிமாறுவதுதான் இங்கே மரியாதை என்று றொஷானி நோராவுக்கு ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னாள். நோரா தலையாட்டினாள், நம்பினாளோ தெரியாது. ஓட்டோவில் ஏறிவிட்டாள்.

"சாப்பிட்டிட்டுப் போங்கோ பிள்ளை, நானும் இருக்கிறன்" என்று மாகிரட் ஓடினார். றொஷானி அதை ஆங்கிலத்தில் சொல்வதற்குள் ஓட்டோ போய்விட்டது.