இரண்டாம் பாலத்தில் ஒரு லட்டு

எனக்கு ஒன்பது வயதானபோது அம்மாவின் இரைப்பையில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். ஆறாத புண். வலி போயிற்று, அதன் இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. சாப்பிட்டு ஓரிரண்டு மணி நேரத்தில் அவளுக்கு வேர்க்கும், கை நடுங்கும், காரணமில்லாமல் என் மேல் எரிந்து விழுவாள். பிறகு என்ன சொன்னோம் என்றே அவளுக்கு நினைவிருக்காது.

இனிப்போ நிறையச் சோறோ உள்ளே போனால் இரத்தத்தில் சீனி சட்டென்று ஏறி, ஏறிய வேகத்தில் அதலபாதாளத்துக்கு இறங்கிவிடுகிறது என்று டாக்டர் சொன்னாராம். மாத்திரை எதுவும் கிடையாது, சாப்பாட்டால்தான் சமாளிக்க வேண்டும். அம்மா சோற்றைக் கைப்பிடியளவாகக் குறைத்தாள். முட்டை, அவித்த பயறு, டௌபு எனும் சோயாக் கட்டி என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை சாப்பிட்டாள். கோப்பியில் சீனியை நிறுத்தினாள். தான் வேலை பார்த்த புக்கிட் தெங்கா தொழிற்சாலைக்குப் போகும்போதும் கைப்பையில் வறுத்த கடலை டப்பா இருக்கும். சில மாதங்களில் நடுக்கம் அநேகமாக நின்றுவிட்டது. வீட்டில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. நின்றுபோன ஒன்றை யார் கவனிப்பார்கள்?

அந்த வருடம் அப்பாவின் அக்கா பத்து காவானில் புது வீடு வாங்கிப் பால் காய்ச்சினார். அத்தைக்குக் கை தாராளம். விருந்தினர் வயிறு முட்டச் சாப்பிடாமல் எழுந்தால் அதைத் தன் மேல் வைத்த குறையாகவே எடுத்துக்கொள்வார். அம்மா இலையின் ஓரத்தில் தன் டப்பாவைத் திறந்ததும் பார்த்துவிட்டார்.

"புது வீட்டுல வந்து டப்பா தொறக்கிறியே, எங்க வீட்டுச் சாப்பாடு உனக்கு ஆகாதா?"

"இல்ல அண்ணி, இனிப்பு ஒத்துக்காது. டாக்டர் வேணாம்னு சொல்லியிருக்காரு."

"உனக்கு சுகர் எறங்குதுன்னுதானே சொன்னாரு? எறங்குனா ஏத்தணும்லா! இது தெரியாதா?"

நாலு பேர் சிரித்தார்கள். அம்மா விளக்க வாயெடுத்தாள். அதற்குள் அப்பா குனிந்து, "அக்கா மனசு கோணக் கூடாது, ஒரு கிளாஸ் குடிச்சிடேன்" என்றார். அம்மா பாயசத்தைக் குடித்தாள். அத்தை மறுபடி ஊற்றினார். அதையும் குடித்தாள்.

அப்பா பந்தல் வேலைக்காகத் தங்கிவிட்டார். அம்மாவுக்கு மறுநாள் காலை ஷிப்ட். அத்தை கொடுத்த லட்டுப் பெட்டியோடு நானும் அவளும் மோட்டார் சைக்கிளில் கிளம்பினோம். எங்கள் தீவுக்குப் போகும் இரண்டாம் பாலத்தில் ஏறினால் கரை வரும்வரை கடல்தான். நிழலுக்கு ஒதுங்க ஓரிடம் கிடையாது. பாதி வழியில் அம்மாவின் முதுகு என் கன்னத்தில் ஈரமாகப் பட்டது. அவ்வளவு காற்றில் எப்படி வேர்க்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே வண்டி தள்ளாடியது. ஓரத்தில் நிறுத்தப் பார்த்தாள். கால் ஊன்றவில்லை. வண்டி சாய்ந்து அவள் கை அதன் அடியில் மாட்டிக்கொண்டது. நான் புரண்டு எழுந்து "அம்மா!" என்று கத்தினேன். ஒரு லாரி எங்களை உரசுவதுபோல் கடந்து போனது.

அம்மா என்னைப் பார்த்தாள். "நீ யாரு பிள்ளை?" என்றாள்.

எனக்கு அழக்கூட வரவில்லை. ஒரு மலாய்க்காரர் தன் வண்டியை நிறுத்தி ஓடி வந்து அவளை வெளியே இழுத்தார். "மாபோக்கா?" என்று என்னிடம் கேட்டார், குடித்திருக்கிறாளா என்று. இல்லை என்று தலையாட்டினேன். அதற்குள் அம்மா சிதறிக் கிடந்த லட்டு ஒன்றை எடுத்து, மண்ணோடு வாயில் திணித்துக்கொண்டாள். இனிப்பு அவளுக்கு ஆகாது என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். "வேணாம்மா, வேணாம்மா" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன். என்னைத் தள்ளிவிட்டு இன்னொன்றையும் தின்றாள். கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்தது. என் பெயரைச் சொன்னாள். பிறகு கடலையை எடுத்துத் தரச் சொல்லி மென்றுகொண்டே, தொங்கிய மணிக்கட்டைப் பார்த்து அழுதாள்.

எலும்பு முறிந்திருந்தது. நுண்ணோக்கியின் கீழ் சின்னச் சின்னப் பாகங்களைப் பொருத்தும் கை அது. கட்டுப் பிரிப்பதற்கு முன்பே தொழிற்சாலையில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள்.

அத்தை பார்க்க வந்தார், பால்கோவாவோடு. பாலத்தில் என்ன நடந்தது என்று என்னைக் கேட்டார். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். லட்டு தின்ற பிறகுதான் அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரிந்தது என்று பெருமையாகச் சொன்னேன்.

"கேட்டியா தம்பி?" என்று அத்தை அப்பாவைப் பார்த்தார். "பிள்ளைக்குத் தெரியுது. படிச்ச டாக்டருக்குத் தெரியல."

அப்பா தலையசைத்தார். அத்தை ஊட்டிய பால்கோவாவை அம்மா வாய் திறந்து வாங்கிக்கொண்டாள், ஒவ்வொரு துண்டாக. இனிப்பால் வந்த சண்டை தீர்ந்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

அத்தையை விட்டுவர அப்பாவும் கிளம்பிப் போன பிறகு அம்மா தலையணையைத் தரையில் போட்டு, சுவரோரமாகச் சாய்ந்து உட்கார்ந்து, நெற்றி வேர்க்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாராவது வரப்போகிறார்களா என்று கேட்டேன். கதவைத் திறந்து வைத்துவிட்டு என்னைப் பக்கத்து வீட்டில் போய் விளையாடச் சொன்னாள். துள்ளிக்கொண்டு ஓடினேன்.