கிலோமீட்டர் பார்த்து வாங்கப்போன கார்

எட்டாம் வகுப்போடு வீட்டை விட்டுக் கிளம்பியவன் நான். திருப்பூரில் பனியன் கம்பெனி, கொச்சியில் ஐஸ் பேக்டரி, விசாகப்பட்டினத்தில் பெயின்ட் வேலை. ஓரிடத்தில் இரண்டு வருஷம் தங்கியதில்லை. பிறகு கப்பலேறி அந்தமானில் இறங்கினேன். இங்கே மட்டும் பதினொரு வருஷம் ஆகிவிட்டது. வீடு பெரார்கஞ்சில், வேலை ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில், கப்பலில் சரக்கு ஏற்றி இறக்குவது.

முதல் பிரசவத்துக்கு என் மனைவியை ஏற்றிப்போன வாடகை ஜீப் பாதி வழியில் நின்றுவிட்டது. வேறு வண்டி கிடைத்துப் போனோம். குழந்தை பிழைக்கவில்லை.

மறுபடி உண்டானபோது அவள் ஒன்றுதான் கேட்டாள். “நடுவழியில நிக்காத வண்டி ஒண்ணு வாங்கிருங்க. வேற எதுவும் வேணாம்.”

கையிலிருந்தது பழைய காருக்குத்தான் காணும். கிலோமீட்டர் குறைவாக ஓடிய வண்டி நல்ல வண்டி என்று மெயின்லேண்டில் கேட்டதுதான் எனக்குத் தெரிந்த ஒரே பாடம். போர்ட் பிளேரில், மாற்றலாகி ஊருக்குப் போகிற அதிகாரி ஒருவர் காரை விற்பதாகச் சொன்னார்கள். கடலைப் பார்த்த வீடு. வெள்ளைக் கார், ஏழு வருஷத்தில் ஒன்பதாயிரம் கிலோமீட்டர்தான். அப்போதே மனசுக்குள் வாங்கிவிட்டேன்.

நல்லவேளை, ஜெட்டியில் பழக்கமான மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப்போயிருந்தேன். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். என்ஜினைத் திறக்கவே இல்லை. காருக்குள் தரைவிரிப்பைத் தூக்கி ஸ்குரூ டிரைவரால் ஓரிடத்தில் அழுத்தினார். துருவேறிய தகட்டில் அது உள்ளே போய்விட்டது. ஓட்டை வழியாக அதிகாரி வீட்டுப் புல் தெரிந்தது.

“ஏழு வருசமா கடக்காத்துல சும்மா நின்னுருக்குண்ணே. காரு வாங்க வந்தியளா, கருவாடு வாங்க வந்தியளா?”

அதிகாரி எட்டிப் பார்த்துத் திகைத்துப்போனார். பாவம், அவருக்கும் அப்போதுதான் தெரியும். சாயா கொடுத்து அனுப்பினார்.

வெளியே வந்ததும் மெக்கானிக் சொன்னார். “கிலோமீட்டரெல்லாம் ஊர்ல பாக்கணும். இங்க ஓடுறதுக்கு ரோடு எங்க இருக்கு? கடல விட்டுத் தள்ளி நிக்கிற வண்டியா, தெனம் ஓடுற வண்டியா பாருங்க.”

அப்படி ஒன்று என் வீட்டிலிருந்து மூன்று வயல் தள்ளியே இருந்தது. வங்காளி விவசாயி ஒருவர் தினமும் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றிப்போகிற கார். புது வண்டிக்குப் பணம் கட்டியிருந்ததால் கொடுக்கத் தயாராக இருந்தார். மீட்டர் ஒன்றரை லட்சத்தைத் தாண்டியிருந்தது. அடியில் குனிந்து பார்த்தால் தார் பூசினாற்போல் கறுப்பு. எனக்கு முகம் சுளித்தது, மெக்கானிக்குக்கு மலர்ந்தது. துருப் பிடிக்காமலிருக்க வருஷாவருஷம் மழைக்கு முன்னால் கழிவு என்ஜின் ஆயிலைப் பூசுவாராம்.

“கடலோரம் போய்வந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவிவிடுவேன்” என்றார் ஹிந்தியில். “தண்ணீர் கிடைக்காத கோடையிலும் இவளுக்கு ஒரு வாளி உண்டு.”

“எனக்கு என்றைக்காவது ஒரு வாளி எடுத்து வைத்தாரா, கேளுங்கள்!” என்று உள்ளேயிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தார்.

காரை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது என் மனைவி கதவைத் திறந்து மூக்கைச் சுளித்தாள். “பாவக்கா வாடை. இது ஓடுமா?”

“தினமும் ஓடினதாலதான் வாடை.”

வலி வந்த காலையில் அப்படியொரு மழை. வழியில் ஒரு வளைவில் தண்ணீர் சாலையை மூடியிருந்தது. ஒரு லாரி ஓரமாக நின்றுவிட்டது. நான் கியரைக் குறைத்து மெதுவாக இறக்கினேன். தண்ணீர் கதவில் அடித்தது. அவள் என் தோளைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. என்ஜின் சத்தம் ஒருமுறைகூட மாறவில்லை. மறுபக்கம் ஏறியபோதுதான் இரண்டு பேரும் மூச்சு விட்டோம்.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது அவள் கார்க் கதவைத் தட்டிக்கொடுத்தாள், மாட்டைத் தட்டுவதுபோல.

மத்தியானம் மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். பின்னால் ஜெட்டி இரைச்சல்.

“என்னண்ணே, வண்டி எங்கயும் மக்கர் பண்ணிச்சா?”

“பொண்ணு” என்றேன். “ரெண்டு பேரும் சுகம்.”

இரைச்சலுக்கு நடுவே அவர் “மாதாவே” என்றார்.