இரண்டு நிமிடம் முந்தி வந்த எச்சரிக்கை

நாளிதழில் வரும் மின்தடை அறிவிப்புகளை வெட்டி ஒட்டிவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. பாளையங்கோட்டையில் எங்கள் அலுவலகம் இருக்கும் தெருவின் பெயர் மாதம் ஒரு முறை அதில் வந்துவிடும். ஒட்டிய துண்டின் கீழே, அன்று எங்களுக்கு வந்த எச்சரிக்கைகளை மணி, நிமிடத்தோடு எழுதுவேன்.

பிறருடைய இணையதளங்கள் நிற்காமல் ஓடுகின்றனவா என்று பார்ப்பது எங்கள் வேலை. ஏழு தளங்கள், ஐந்து பேர். அலுவலக மூலையில் உள்ள பழைய கணினி நிமிடத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு தளத்தையும் தட்டிப் பார்க்கும். பதில் வராவிட்டால், அதில் செருகிய சிம் அட்டை வழியாக எங்கள் கைப்பேசிகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும். தவறு அங்கேதான் இருந்தது. கரண்ட் போனால் கணினி யுபிஎஸ்ஸில் ஓடும். தெருமுனை இணையப் பெட்டி செத்துப்போகும். வெளியுலகைத் தொட முடியாத கணினி, ஏழு தளங்களும் விழுந்துவிட்டதாகக் கூப்பாடு போடும். தளங்களோ வேறெங்கோ உள்ள சர்வர்களில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். அதனால் மின்தடை நாளில் கைப்பேசிச் சத்தத்தை அமர்த்திவிட்டு டீக்கடைக்குப் போவது வழக்கமாகிவிட்டது.

குலசைத் தசராவுக்குச் சென்னையிலிருந்து சிறப்புப் பேருந்து விடும் அண்ணாச்சி ஒருவர்தான் எங்கள் பெரிய வாடிக்கையாளர். முந்தின ஆண்டு முன்பதிவு நாளன்று தளம் விழுந்ததை அவர் சொல்லித்தான் நாங்கள் அறிந்தோம். இந்த ஆண்டு நேரில் வந்தார். "இன்னொரு தடவ நின்னுச்சுன்னா சென்னைக்காரன்கிட்ட கொடுத்துருவேன் வே. கோவிச்சுக்கிடக் கூடாது." அவர் போனால் எங்களில் இருவர் போகவேண்டும். எச்சரிக்கைகளைக் கவனிக்கும் என் வேலைதான் முதலில் போகும்.

முன்பதிவு ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு. எங்கள் தெருவுக்கு மின்தடையும் அதே வியாழன்தான், ஒன்பது மணி முதல்.

"எல்லாரும் சத்தத்த அமத்துங்க. இன்னைக்கு அது கத்தத்தான் செய்யும். பத்து மணிக்குப் போன்ல பாத்துக்கிடலாம்," என்றார் தலைமைப் பொறியாளர், எட்டே முக்காலுக்கே. அறிவித்தபடி ஒன்பதுக்குக் கரண்ட் போனது. அவரும் இளைய பொறியாளரும் படியிறங்கினார்கள்.

நான் நோட்டைத் திறந்து ஏழு குறுஞ்செய்திகளின் நேரத்தையும் எழுதத் தொடங்கினேன். ஆறு, ஒன்பது ஒன்றுக்கு வந்தவை. பேருந்துத் தளத்துடையது மட்டும் எட்டு ஐம்பத்தெட்டு. பழைய பக்கங்களைப் புரட்டினேன். ஒவ்வொரு மின்தடையிலும் ஏழும் ஒரே நிமிடத்தில் வந்திருந்தன. கரண்ட் போவதற்கு முன்னால் ஒன்றுகூட வந்ததில்லை. என் கைப்பேசியில் தளத்தைத் திறந்தேன். வெறும் வெள்ளைப் பக்கம்.

டீக்கடைக்கு ஓடினேன். "அண்ணே, பஸ் தளம் நெசமாவே விழுந்துட்டு."

"கரண்ட் இல்லல்லாக்கா, அப்படித்தான் காட்டும்," என்று சிரித்தான் இளையவன். "நோட்டு போதாது, கல்வெட்டுல செதுக்கி வச்சுக்கிடுங்க."

"கரண்ட் ஒம்பதுக்குப் போச்சு. இது எட்டு அம்பத்தெட்டுக்கு விழுந்திருக்கு. உன் போன்ல தொறந்து பாருலே."

திறந்தான். டீயைக் குடிக்காமலே கீழே வைத்தான்.

அலுவலகத்திலிருந்து மடிக்கணினியை எடுத்துவந்து, கைப்பேசி இணையத்தில் இணைத்து, டீக்கடை பெஞ்சிலேயே இருவரும் உட்கார்ந்தார்கள். நாங்கள் அழிக்க மறந்த பழைய கோப்புகளால் சர்வரில் இடம் நிரம்பியிருந்தது. பெரியவர் சொல்லச் சொல்ல இளையவன் அழித்தான். நான் பக்கத்தில் நின்று மணி சொன்னேன்.

"பரிச்சை ஹால் மாதிரி மணி சொல்லாதியக்கா, வேற எதையாவது அழிச்சிருவேன்."

ஒன்பது நாற்பத்தொன்றுக்குப் பேருந்து அட்டவணை திரையில் வந்தது. மூவரும் ஒரே நேரத்தில் கத்தினோம். கடைக்காரர் பாலைப் பொங்கவிட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

பத்து இருபதுக்கு அண்ணாச்சி கூப்பிட்டார். தலைமைப் பொறியாளர் எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார். "மொத வண்டி நெறஞ்சிட்டு வே! சும்மா பறக்குது!"

தலைமைப் பொறியாளர் என் நோட்டைப் பார்த்தார். பிறகு மறைக்காமல் சொன்னார்: "ஒம்பது மணிக்கு முன்னால விழுந்துட்டு, அண்ணாச்சி. எங்க அக்கா கண்டுபிடிச்சாங்க. தூக்கி நிறுத்திட்டோம்."

மறுமுனையில் ஒரு பெரிய சிரிப்பு.

"போன வருசம் நான் ஒங்களுக்குச் சொன்னேன். இப்ப நீங்க எனக்குச் சொல்லுதிய. சென்னைக்காரன வர வேண்டாம்னு சொல்லிருதேன்."

அந்த வாரமே கண்காணிப்பை வெளியூர்க் கணினி ஒன்றுக்கு மாற்றினோம். அந்த வியாழனின் மின்தடை அறிவிப்பின் கீழே இப்படி எழுதியிருக்கிறேன்: விழுந்தது 8.58. எழுந்தது 9.41. அண்ணாச்சி அறிந்தது 10.20, எங்கள் வாயால்.