ஜெயப்பிரகாஷின் கல் பாதை

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான் ஜெயப்பிரகாஷுடையது. அரக்கோணம் சாலையில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருப்பவன். திருத்தணி மலையடிவாரத்தில் அவன் அப்பா விட்டுப்போன மனை ஒன்று இருந்தது. வீடு கட்ட வேண்டிய அந்த இடத்தில் அவன் பொம்மை ஜீப்புக்குப் பாதை போட்டான்.

பொம்மை என்று சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். முழ நீளம்தான், ரிமோட்டில் ஓடும். ஓடும் என்பதுகூடத் தப்பு, பாறைமேல் ஊர்ந்து ஊர்ந்து ஏறும். ரிப்பேருக்கு வந்த ஒன்றைக் கடை வாசல் ஜல்லிக் குவியலில் ஏற்றிப் பார்த்தான், அன்று பிடித்த பைத்தியம். பாறைப்படி, மண் சரிவு, மூங்கில் பாலம் என்று மனை முழுக்கப் பாதையாகிவிட்டது. சென்னையிலிருந்து தன்வீர் என்கிற பையன் மாதம் ஒருமுறை ஆட்களோடு வந்து ஓட்டிவிட்டுப் போவான். மழை அரித்த சரிவுக்கு மண் கொட்டுவதும், ஆடு தள்ளிய கல்லை நிமிர்த்துவதும் ஜெயப்பிரகாஷின் தலையெழுத்து. ஆடிக்காற்றில் அம்மியே பறக்குமாம், மூங்கில் பாலம் எம்மாத்திரம்?

இந்த வருஷம் ஆடிக் கிருத்திகைக் கூட்டமும் சேர்ந்துகொண்டது. மலைக்குப் போகிற வழியில் கல்மேல் கல் அடுக்கி வேண்டிக்கொண்டால் சொந்த வீடு அமையும் என்று ஒரு நம்பிக்கை. வரிசையாகக் கல் கிடந்த இடத்தைப் பார்த்ததும் இதுவும் வேண்டுதல் இடம் என்றே நினைத்துவிட்டார்கள். பாதையின் கல்லெல்லாம் குட்டிக் குட்டி வீடுகளாகி நின்றன.

அந்த நேரம் பார்த்துத் தன்வீர் போன் செய்தான். "அண்ணா, நாளைக்கு வர்றோம். போன தபா மாதிரி டிராக் பாதில நிக்கக் கூடாது. பசங்க வேற எடம் பாத்துகினு இருக்காங்க."

"ஆங், வாங்கப்பா. ரெடியா இருக்கும்."

இடுப்பு விட்டுப்போயிருந்தது. ஆனால் இந்தப் பாதையும் போய்விட்டால் கடையைத் தவிரத் தனக்கென்று எதுவும் இல்லை என்கிற பயம் அவனைக் குனிய வைத்தது.

முதல் அடுக்கைக் கலைக்கும்போது, "முருகா, மன்னிச்சிக்கோ" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டான். கொஞ்ச நேரத்துக்கு அந்த மரியாதை இருந்தது. வெயில் ஏறியதும் காலால் தள்ள ஆரம்பித்தான். ஊரார் வேண்டுதலுக்கு என் கல்தானா கிடைத்தது என்று வாய்விட்டே திட்டினான். சாமி, ஜீப்பு எல்லாமே சலித்துப்போயிருந்தது.

பாலத்தருகே இருந்த அடுக்கையும் உதைத்துவிட்டு நிமிர்ந்தால், மனைவி அனுசுயா சோற்றுத் தூக்கோடு நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னா பாக்கற? எவனோ அடுக்கிட்டுப் பூட்டான்."

"எவனும் இல்லீங்க. அது நான் வச்சது." அவள் குரலில் கோபம்கூட இல்லை. "எத்தினி வருசம்தான் வாடக வூட்லயே இருக்கறது? நம்ம எடத்துலயே வச்சா சீக்கிரம் நடக்கும்னு நெனச்சேன்."

ஜெயப்பிரகாஷ் அப்படியே உட்கார்ந்துவிட்டான். வெட்கம் பிடுங்கித் தின்றது. சிதறிய கற்களைக் கிட்டே இழுத்தான். எதன்மேல் எது இருந்தது என்று தெரியவில்லை.

"அனு, அடியில எது இருந்திச்சி?"

அவள் தூக்கைக் கீழே வைத்துவிட்டு, அவன் கையிலிருந்த கல்லை வாங்கி ஓரமாகப் போட்டாள்.

"வுடுங்க. நாளிக்கி ஆளுங்க வர்றாங்க, அந்த எடத்துலதான் ஜீப்பு போவணும்."