கணக்கெடுப்பில் வராத படகு

ரவ்தா ஸ்ஃபாக்ஸ் நகரத்துப் பள்ளி ஒன்றில் இயற்பியல் ஆசிரியை. பதினோரு ஆண்டுகளாக, சம்பளமில்லாமல், ஒரு சிறு மென்பொருளையும் பராமரித்து வந்தாள். கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று சொல்லும் மென்பொருள். கெர்கெனாத் தீவின் ஆழமற்ற கடலருகே பிறந்தவளுக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை.

ஒவ்வொரு புதுப் பதிப்பையும் ஒன்பது வகை புராசசர்களில் ஓடும்படி தனித்தனியே கட்டி, அதாவது நிரலைத் தொகுத்து, வெளியிட வேண்டும். மிகப் பழைய வகை ஒன்றில் மட்டும் கட்டுமானம் ஒவ்வொரு முறையும் முறிந்தது. அது முறிந்தால் மற்ற எட்டும் நின்றுவிடும். கட்டும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் ஓரான் நகரத்து லக்தர் நச்சரித்தான்.

"அந்தக் கிழத்தை இன்னும் யாரும்மா வெச்சிருக்கா? மியூசியத்துலகூட தூக்கிப் போட்டிருப்பான். எடுத்துத் தொலை."

எந்த வகையை எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்று, பயனர்கள் ஒப்புக்கொண்டால் மட்டும் அனுப்பப்படும் கணக்கெடுப்பைப் பார்த்தாள். அந்த வகைக்கு எதிரே பூஜ்யம். பட்டியலிலிருந்து அதன் பெயரை எடுத்தாள். ஒரே ஒரு சொல். மற்ற எட்டும் வெளியாயின.

அடுத்த வியாழன் மதியம் தம்பி சாதோக்கின் மனைவி ஸுஹ்ரா தீவிலிருந்து கூப்பிட்டாள்.

"அண்ணி, சாதோக் உங்ககிட்ட பேசினாரா? இங்க காத்து ஏறுது. காலைல காப்பிக்கடை வைஃபைல படகுப் பொட்டிய அப்டேட் பண்ணிட்டுத்தான் கிளம்பினார். மாசாமாசம் பண்ணச் சொன்னீங்களாமே."

தன் மென்பொருள் ஓடும் அந்தச் சிறு கணினிப் பெட்டியைப் படகில் பொருத்தியவள் ரவ்தாதான். அதில் இருப்பது அந்தப் பழைய வகை புராசசர். கணக்கெடுப்புக்கு ஒப்புதலா என்று அது கேட்டபோது, 'வேண்டாம்' என்று அழுத்தியதும் அவள்தான்.

கடல் ஏறும் நேரங்களின் அட்டவணை எல்லா வகைக்கும் பொது. அது படகுக்குப் போயிருக்கும். புது நிரல் போயிருக்காது. இரண்டும் ஒரே பதிப்பாக இருந்தால் மட்டுமே சேர வேண்டும் என்ற வரியை அவள் எழுதியதே இல்லை. ஒன்பதும் ஒன்றாக வெளிவந்த காலத்தில் அது தேவைப்படவில்லை. திரை வெறுமையானால் தப்பித்தோம். பழைய நிரல் புது அட்டவணையின் எண்களை இடம் மாற்றிப் படித்துத் தப்பான நேரத்தைக் காட்டினால்?

மூன்று முறை அழைத்தாள். மணி அடித்து ஓய்ந்தது. நான்காவது முறை காற்றின் இரைச்சலோடு தம்பியின் குரல்.

"அக்கா, உன் பொட்டிக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு. தண்ணி ஏறுதுங்குது, நான் படகோட மணல்மேட்டுல குந்தியிருக்கேன்."

"அத அணைச்சிடு. வானம் எப்படிடா இருக்கு?"

"மேற்க கறுத்துட்டு வருது. கரை தெரியுது, இறங்கி நடந்துரட்டுமா?"

"நடக்காதடா! நடுவுல பள்ளம் இருக்கு." தன் மடிக்கணினியில் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். "நாலு பத்துக்குப் படகு மிதக்கும். அதுவரை உக்காரு."

"இதுவும் நீ எழுதினதுதானே?" என்று சிரித்தான். அத்துடன் இணைப்பு அறுந்தது.

நாலு பத்து கடந்தது. நாலரை. சன்னல் கதவுகளைக் காற்று அறைந்தது. தன் திரையில் இருந்த எண்ணையும் அவள் இப்போது நம்பவில்லை.

ஐந்தேகாலுக்கு ஸுஹ்ரா பேசினாள். "வந்துட்டார். தொப்பலா நனைஞ்சு."

ரவ்தா எடுத்த பெயரைத் திரும்பச் சேர்த்தாள். எழுதாமல் விட்ட வரியையும் எழுதினாள்; காரணம் தம்பியின் படகு என்று குறித்தாள். கட்டுமானம் முறிந்தது. எட்டும் நின்றன.

"ஒரு படகுக்காகவா?" என்று கேட்டு எழுதினான் லக்தர்.

"எனக்குத் தெரிஞ்சது ஒண்ணு."