முருகேசன் அண்ணன் திரும்பி வருவாரா?

இன்று மாலை எங்கள் தங்கச் சுரங்கக் காலனியான பாலகாட்டின் போன் பூத்தில் நடந்ததை உங்களுக்குச் சொல்லியே ஆகவேண்டும்.

பக்கத்து வீட்டு முருகேசன் அண்ணன் சுரங்க வெல்டர். அவர் வேலை பார்த்த சுரங்கக் குழியான ஷாஃப்டை மூடியபின் கனடாவில் ஒரு சுரங்க கம்பெனி வேலைக்கு அழைத்தது. அந்நாட்டு விசா அதிகாரியோ, "வேலை முடிந்தாலும் இவர் ஊர் திரும்பமாட்டார்" என்று பர்மிட்டை மறுத்துவிட்டார். கம்பெனி விடவில்லை, அங்கேயே வழக்குப் போட்டது.

இன்று கம்பெனியின் வக்கீல் போனில் வந்தார். அதிகாரி சொன்னதற்கு ஆதாரமே இல்லை, வேறொருவர் புதிதாகப் பரிசீலிக்கவேண்டும் என்று கோர்ட் தீர்ப்பளித்துவிட்டதாம்!

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவர் மனைவி சரசா அக்கா போனைப் பிடுங்கிக்கொண்டார். "இன்னா சார், இவரு இங்க பக்கத்துல பேத்தமங்களாவுல இருக்குற அவரு அக்கா ஊட்டுக்குப் போனாலே ஒரு ராத்திரி தங்கமாட்டாரு. என்ன உட்டுட்டு அங்கியே இருந்துடுவாரா?"

வக்கீலுக்குத் தமிழ் தெரியாது. நான் வாங்கி ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவர் சிரித்து ஓய நேரமாயிற்று. "இந்த அம்மாவை முதலிலேயே கூப்பிட்டிருக்கலாம்" என்றார்.

பர்மிட் இன்னும் வரவில்லை. அக்கா கம்பளி நூல் வாங்கப் போயாயிற்று. கனடாவில் இருக்கும் நம்மாட்களே, ஒரு ஸ்வெட்டர் போதுமா?